யசோதினிக்கு ஒரு சட்டத்தரணி

"நல்ல லோயர் ஒராளச் சொல்லுங்க முதலியார்."

ஓய்வு பெற்று வருடங்கள் கழிந்த பிறகும் காத்தான்குடியில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். நான் சட்டத்தரணி அல்ல. மட்டக்களப்பு நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக இருந்தவன். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் முதலியார் என்று பெயர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, சிங்களத்தில் வருவதைத் தமிழிலும் தமிழில் வருவதைச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். எல்லாச் சட்டத்தரணிகளையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு யார் கெட்டிக்காரர் என்று தெரிந்திருக்கும் என்பது சனங்களின் எண்ணம். தெரியும்தான். ஆனால் சொல்லக் கூடாது. உரைபெயர்ப்பாளன் ஒரு பக்கம் சாய்ந்தான் என்று ஆகிவிட்டால், மறுநாள் கூண்டடியில் அவன் சொல்லும் எதையும் மற்றப் பக்கம் நம்பாது.

அண்மையில் நீதிமன்றத்தில் புதிதாகச் சேர்ந்த உரைபெயர்ப்பாளர்கள் இரண்டு பேர் வந்து, சனங்கள் இப்படிக் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது என்று விசாரித்தார்கள். விதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் படலையைச் சாத்திக்கொண்டு போன பிறகுதான் யசோதினியின் வழக்கு மனதில் வந்து நின்றது. ஒரே ஒரு தடவை நான் ஒரு குடும்பத்தோடு சட்டத்தரணி தேடி அலைந்திருக்கிறேன். அந்த நாட்களின் பதற்றம் இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.

எனக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. வாப்பா புடவை வியாபாரி. பொலன்னறுவைப் பக்கத்துச் சந்தைகளுக்கு அவரோடு போய், துணி அளந்து கொடுத்துப் பேரம் பேசிப் பிடித்த சிங்களம். பரீட்சை எழுதி நீதிமன்றத்துக்கு வந்தபோது என் சிங்களம் நல்ல சிங்களம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய முதலியார் கதிர்காமத்தம்பி அந்த நினைப்பை ஒரு கிழமைக்குள் எடுத்துவிட்டார்.

அவர் மெலிந்த மனிதர். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கோட். நீதிபதியையும் பார்க்க மாட்டார், சட்டத்தரணியையும் பார்க்க மாட்டார். சாட்சியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். சாட்சி மூச்சு விடும் இடத்தில் இவர் தொடங்குவார், சாட்சி மறுபடி வாய் திறக்கும்போது முடித்திருப்பார். சத்தம் கூடாது, குறையாது. என் பிழைகளை அவர் பிழை என்று சொன்னதே இல்லை. நீதிமன்றம் கலைந்த பிறகு வாவிக்கரை மதிலோரம் நிற்பாட்டி, "அந்த இடத்த இன்னொருக்காச் சொல்லு தம்பி" என்பார். சொல்வேன். "இன்னொருக்கா." நான் எதை விட்டேன், எதைக் கூட்டினேன் என்பது எனக்கே தெரியும்வரை அது நடக்கும்.

"சாட்சி 'நான்' எண்டா நீயும் 'நான்'. அவன் ஊத்தைப் பேச்சுப் பேசினா நீயும் அதப் பேசணும். அவன் பேசாம நிண்டா நீயும் பேசாம நில்லு. அவன் சொன்னதுக்கு விளக்கம் சொல்றது உன்ட வேல இல்ல. விளங்காட்டி நீதவான் கேப்பார்."

அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி முழுவதும் இவ்வளவுதான். மிச்சம் நின்று நின்று வந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு கொலை வழக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சிங்களவர், மரம் வெட்டுகிற தொழிலாளி. கூண்டில் ஏறியதும் ஒளிக்காமல் சொன்னார். நான் அதைத் தமிழில், சபைக்குக் கேட்க, "நான்தான் வெட்டினேன். அவன் விழுந்த பிறகும் வெட்டினேன்" என்று சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இன்னொருவருடைய செயலை என் வாயால் 'நான்' என்று சொல்லப் பழகுவதற்கு நெடுநாள் எடுத்தது. பழகிய பிறகு, வருடங்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆவணங்கள் மொழிபெயர்ப்பதற்கும், பிறமாவட்ட நீதிமன்றங்களுக்குப் போகிறவர்களோடு துணை போவதற்கும் அழைப்பார்கள். போய்வருவேன்.

அப்படியிருந்த ஒரு நாளில்தான் தங்கவடிவேல் வந்தார். வெல்லாவெளியில் வேளாண்மை செய்கிறவர். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வந்தும் உட்காராமல் நின்றார்.

"என்ட மகள ஆமி புடிச்சிற்று, முதலியார்."

எங்கள் பகுதியில் இந்த வசனத்துக்கு வேறு ஒரு பழைய அர்த்தம் உண்டு; யுத்த காலத்தில் அப்படிப் பிடிபட்டவர்கள் பலர் திரும்பவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தங்கவடிவேலுக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"இல்ல, நீங்க நினைக்கிறமாதிரி இல்ல. அவ ஆமியிலதான் வேல. அவங்கதான் அவவ மறிச்சி வெச்சிரிக்காங்க."

மகள் யசோதினி. யுத்தம் முடிந்து, தமிழ்ப் பிள்ளைகளையும் படையில் சேர்த்தபோது சேர்ந்தவர்களில் ஒருத்தி. தாய் இல்லை. ஊரில் சிலர் கதைத்தார்கள், சிலர் சம்பளத்தைக் கேட்டு வாயை மூடினார்கள். தெற்கில் ஒரு முகாமில் சமையற்கட்டிலும் மரக்கறித் தோட்டத்திலும் வேலை. அங்கே ஒரு மாலை சாமான் களஞ்சியம் தீப்பிடித்துவிட்டது. அணைக்கப் போன சிப்பாய் ஒருவரின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அன்று காலையில் யசோதினி, களஞ்சியத்துக்குப் பொறுப்பான கோப்ரலோடு சண்டை பிடித்திருக்கிறாள். காலுக்கு அளவான சப்பாத்து கேட்டு எத்தனையோ தடவை போயும் அவர் திருப்பி அனுப்பியதுதான் காரணம். அந்தச் சண்டையில் அவள் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னாளாம். 'ஸ்டோர்ஸ் எக்க பத்து வெனவா.' களஞ்சியம் பற்றி எரியும்.

மாலையில் அது எரிந்துவிட்டது. அவளை அந்தப் பக்கம் கண்டதாக ஒரு சாட்சியும் இருந்தது. வேண்டுமென்றே தீ வைத்தாள் என்பது பெரிய குற்றச்சாட்டு; மேலதிகாரியோடு மரியாதையில்லாமல் பேசினாள் என்று இன்னொன்று. இராணுவ நீதிமன்றத்தில் விசாரணை. நிரூபித்தால் வருடக்கணக்கில் சிறை. தனக்கு வேண்டிய சட்டத்தரணியை அவள் வைத்துக்கொள்ளலாம். வைக்காவிட்டால் அவளுக்காகப் பேசப் படையே ஓர் அதிகாரியை நியமிக்கும். அடுத்த கிழமைக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு அந்தப் பாசை தெரியா. ஆர நம்புறது எண்டும் தெரியா. நீங்க என்னோட வாங்க. அவங்க பேசுறத எல்லாம் எனக்குச் சொன்னாக் காணும்."

சட்டத்தரணியை நான் சொல்ல மாட்டேன், பேசுவதை மட்டும் மொழிபெயர்ப்பேன் என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

முதலில் மட்டக்களப்பில் குலசேகரத்திடம் போனோம். குற்ற வழக்குகளில் பேரெடுத்தவர். கூண்டில் நிற்பவனை அவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது மொழிபெயர்க்கிற எனக்கே வியர்க்கும். தங்கவடிவேல் அவரைக் கண்டதும் பாதிப் பாரம் இறங்கியவர்போல ஆனார். தமிழர், ஊரவர், சத்தமாகப் பேசுகிறவர். குலசேகரம் முழுவதையும் கேட்டார். பிறகு மேசையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் வரமாட்டன் அண்ணன்."

"ஏன் ஐயா? எவ்வளவு எண்டாலும்..."

"அதுக்கில்ல. அந்த மண்டபத்துக்குள்ள நான் ஒரு நாளும் நிண்டதில்ல. அங்க தீர்ப்புச் சொல்றது நீதவான் இல்ல, அதிகாரிமார். எந்த இடத்தில எழும்பணும், எந்த இடத்தில வாய மூடணும் எண்டு எனக்குத் தெரியா. உங்கட மகளில நான் படிச்சிப் பாக்க ஏலாது."

கொழும்பில் இப்படியான வழக்குகளை நடத்துகிற ஒருவர் இருப்பதாகச் சொல்லி, அவரோடு தொலைபேசியில் பேசியும் விட்டார். புறப்படும்போது எங்களை நிற்பாட்டினார். "ஆரை வெச்சாலும் ஒரு கேள்வி கேளுங்க. நீதிமன்றத்தில இருக்கிற அதிகாரிமாரில ஒராள் பிழையான ஆள் எண்டு தெரிஞ்சா, அவர் வேணாம் எண்டு எழும்பிச் சொல்லுவீங்களா எண்டு கேளுங்க. எதிரிக்கு அந்த உரிமை இரிக்கு. பதில விட, பதில் சொல்ல முந்தி அவர் என்ன செய்றார் எண்டு பாருங்க."

நாங்கள் யசோதினியின் முகாமுக்குப் போன அன்று கொழும்புச் சட்டத்தரணியும் அங்கேயே வந்தார், கூடவே ஓர் இளம் உதவியாளரும். சட்டத்தரணி முன்னாள் படை அதிகாரி. வாசலில் நின்ற சிப்பாய் தன்னையறியாமல் நிமிர்ந்து மரியாதை செய்தான். நல்ல மனிதர்தான். தங்கவடிவேலின் கையைப் பிடித்து, பயணம் எப்படி என்று கேட்டார். பார்வையாளர் அறைக்கு யசோதினியைக் கூட்டிவந்தார்கள். சீருடை, ஆனால் இடுப்புப் பட்டி இல்லை. தகப்பனைக் கண்டதும் உதடு கோணியது. காவலுக்கு நின்ற பெண் சிப்பாய் பக்கத்திலேயே இருந்ததால் அழாமல் நின்றாள்.

சட்டத்தரணி அவளிடம் நாலைந்து கேள்விகள் கேட்டார். எல்லாமே தெளிவான, கூர்மையான கேள்விகள். அவள் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு எங்களுக்கு விளக்கினார்.

"முழு விசாரணைக்குப் போனால் அந்த வசனம் அவளைக் கொன்றுவிடும். நான் போய்ப் பேசினால், தீ வைத்தாள் என்பதை எடுத்துவிட்டு, கவனயீனத்தால் தீப்பிடிக்க விட்டாள் என்று குறைத்துக்கொள்வார்கள். அதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். சேவையிலிருந்து விலக்குவார்கள். சிறை இருக்காது, இருந்தாலும் சொற்பம். வீட்டுக்கு வந்துவிடுவாள்."

நான் தமிழில் சொன்னேன். 'வீட்டுக்கு வந்துவிடுவாள்' என்ற இடத்தில் தங்கவடிவேல் கண்ணை மூடினார்.

குலசேகரம் சொன்ன கேள்வியைக் கேட்டோம். சட்டத்தரணி சிரித்தார். "அப்படி எழும்பத் தேவை வராது. நாங்கள் சண்டை பிடிக்கப் போவதில்லையே."

நடையில் போகும்போது அவர் தன் உதவியாளரிடம் சிங்களத்தில் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. "செய்திருப்பாள். பாவம், வாயையும் விட்டுவிட்டாள்."

தங்கவடிவேல் என் முழங்கையைப் பிடித்தார். "என்ன சொன்னவர்?"

அது எங்களுக்காகச் சொன்னதல்ல. சொல்லாமல் விட்டால் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் பேசுவதை எல்லாம் சொல்வேன் என்றுதான் வந்திருந்தேன். சொன்னேன். அவர் என் முழங்கையை விட்டார்.

"செய்தவ எண்டு நினைச்சிக்கிட்டே காப்பாத்துறவர்தானே கெட்டிக்காரன்" என்றார் பிறகு. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு, படை நியமிக்கவிருந்த அதிகாரி வந்தார். கப்டன் ஹேமந்த. சட்டம் படித்துவிட்டுப் படையில் சேர்ந்தவர், வேறு முகாமில் வேலை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. வந்ததும் தொப்பியை மேசையில் வைத்தார், எடுத்தார், கதிரையில் வைத்தார். இதற்கு முன் எத்தனை வழக்கில் இப்படி நின்றிருக்கிறீர்கள் என்று தங்கவடிவேல் கேட்டார். சின்ன வழக்குகள் சில, இப்படிப் பெரிய வழக்கு இதுதான் முதல் என்றார். அதை எப்படியாவது நல்லவிதமாகச் சொல்ல முடியுமா என்று ஒரு கணம் யோசித்து, இருந்தபடியே சொன்னேன்.

கப்டன் யசோதினியிடம் தீயைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "அன்று காலை அந்த வசனத்தைச் சொன்னாயா?" என்று கேட்டார்.

"சொன்னன்."

"சிங்களத்திலா?"

"ஓம். தெரிஞ்ச சிங்களத்தில."

"உன் பாஷையில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேள்வியை மறுபடி தமிழில் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இந்த ஸ்டோர்ஸப் பாத்தாலே பத்திக்கொண்டு வருது எண்டு."

அந்தச் சிங்கள வசனத்தை நான் தகப்பனுக்கும், குலசேகரத்துக்கும், வழியில் இன்னொரு தடவையும் தமிழாக்கிச் சொல்லியிருந்தேன். களஞ்சியம் பற்றி எரியும், களஞ்சியம் பற்றி எரியும் என்று. அது தமிழில் என்னவாகப் பிறந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழில் கோபம் வந்தவர் தான் பற்றுவதாகச் சொல்வார். அவள் அதை ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்துக்குத் தூக்கிப் போட்டிருக்கிறாள். போன வழியில் 'பார்த்தால்' விழுந்துபோய்விட்டது. பற்றுவது அவளாக இல்லாமல் களஞ்சியமாக ஆகிவிட்டது.

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கப்டன் என்னிடம், "அதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"அவவிடமே கேளுங்கள் சேர்."

கேட்டார். "கோவம் சேர். சரியான கோவம்" என்றாள் யசோதினி.

தங்கவடிவேலுக்கு அது போதவில்லை. அவருக்கு எதிரே இருந்தது ஒரு சீருடை. "ஐயா, கோவிக்கக் கூடாது. நீங்களும் அவங்களும் ஒரே ஆமி. என்ட மகளுக்காக நீங்க பேசினா உங்கட பெரியவங்க கோவிக்க மாட்டாங்களா?"

"கோபிப்பார்கள்" என்றார் கப்டன். "சிலர்."

குலசேகரத்தின் கேள்வியையும் நான் முன்வைத்தேன். கப்டன் உடனே பதில் சொல்லவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். காவல் நின்ற பெண்ணை வெளியே நிற்கச் சொன்னார். கதவு மூடிய பிறகு, "ஒருவரைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவர் முகாமுக்குள் போய்ச் சமையற்கட்டு ஆட்களோடு பேசுவதாகச் சொல்லி எழுந்தார். நாங்கள் மூவரும் அறையில் மிஞ்சினோம். தவணை முடிகிற நாள், முடிவை அன்றே சொல்ல வேண்டும்.

"கொழும்பாள வெப்பம் புள்ள" என்றார் தகப்பன். "அந்தாளுக்கு எல்லாரையும் தெரியும். நீ வீட்ட வந்திருவாய். மறுகா ஊரில என்னத்தையும் செய்யலாம்."

"நெருப்பு வெச்சனாமா அப்பா நான்?"

"வெச்ச எண்டு ஆர் சொன்ன? கவனமில்லாம இரிந்தன் எண்டுதானே சொல்லச் சொல்றார்."

"நான் அந்தப் பக்கமே போகல. அந்தப் பொடியன்ட கை ரெண்டும் வெந்து கிடக்கு. அதுக்கு நான்தான் காரணம் எண்டு என்ட வாயால நான் சொல்ல மாட்டன்."

"சிறையில போட்டா?"

தங்கவடிவேல் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க முதலியார். இவ்வளவு காலம் கோட்டில நிண்ட ஆள். எவர் நல்லம்?"

"அவங்க சொன்னதத்தான் நான் சொல்லலாம் அண்ணன்."

அவருக்கு முகம் சிவந்தது. "இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் ஒரு சொல் சொல்ல ஏலாதா? உங்கட புள்ளயா இரிந்தா இப்பிடித்தான் நிப்பீங்களா?"

என் பிள்ளையாக இருந்தால் கொழும்புக்காரரைத்தான் வைத்திருப்பேன். அதுதான் உண்மை. அதனாலேயே வாயைத் திறக்கப் பயந்தேன். நான் சொல்லி அது பிழைத்தால், சிறைக்குள் இருப்பது நானல்ல.

"அப்பா, அவரக் கரைச்சல்படுத்தாதீங்க" என்றாள் யசோதினி. "கப்டனே பேசட்டும். வழக்கு எனக்குத்தானே."

ஊர் திரும்பும் பஸ்ஸில் தங்கவடிவேல் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டிருப்புப் பாலத்தடியில் இறங்கும்போது மட்டும், "விசாரணைக்கும் வருவீங்கதானே" என்று கேட்டார்.

விசாரணையில் எனக்கு வேலை இல்லை. எதிரியின் பக்கத்தோடு சேர்ந்து போனவன் நீதிமன்றத்துக்கு உரைபெயர்ப்பாளனாக நிற்க முடியாது. படையிலிருந்தே ஒரு சார்ஜன்டை நியமித்திருந்தார்கள். கண்டிப் பக்கத்து முஸ்லிம், இளம் ஆள், சுறுசுறுப்பான முகம். நானும் தங்கவடிவேலும் பின்வாங்கில் உட்கார்ந்தோம். நீதிமன்றம் ஒன்றில் உரைபெயர்க்காமல் நான் உட்கார்ந்திருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

யசோதினியைத் தொப்பியில்லாமல் உள்ளே நடத்திக் கொண்டுவந்தார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக இருந்தார்கள். நடுவில் தலைமை வகித்த கேணல், ஓரத்தில் சட்ட ஆலோசனை சொல்லும் அதிகாரி. நீதிமன்றம் கூட்டப்பட்ட கட்டளை வாசிக்கப்பட்டது. அதிகாரிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. பிறகு கேணல் கேட்டார். "இவர்களில் எவராவது உன்னை விசாரிப்பதற்கு உனக்கு ஆட்சேபனை உண்டா?"

சார்ஜன்ட் அதைத் தமிழில் சொன்னார். கப்டன் எழுந்தார். அவர் வாய் திறக்குமுன் ஓர் அமைதி வந்தது. பார்வையாளர் அறையில் கண்டதைவிட நீளமான அமைதி. இந்த மனிதர் உட்கார்ந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இருக்கிறது" என்றார்.

வரிசையில் இரண்டாவதாக இருந்த மேஜர், எரிந்த களஞ்சியத்தின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்த பிரிவில் அண்மைவரை இருந்தவர். அவர் பக்கச்சார்பானவர் என்று தான் சொல்லவில்லை, ஆனால் எதிரிக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம் என்றார் கப்டன். மேஜரின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவை மூடினார்கள். மரத்தடியில் நின்றோம். தங்கவடிவேல் கேட்டார்.

"குழப்பிற்றாரா முதலியார்? மத்த ஆக்களுக்கும் கோவம் வந்திரிக்குமே."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

திரும்ப அழைத்தபோது மேஜரின் கதிரையில் வேறொருவர் இருந்தார்.

கோப்ரல் சாட்சி சொன்னார், அந்த வசனத்தைச் சிங்களத்தில் அப்படியே சொன்னார். பொய் சொல்கிறவராக எனக்குத் தெரியவில்லை. கேட்டதைச் சொன்னார். அவளைக் களஞ்சியப் பக்கம் கண்டேன் என்ற சிப்பாய், கப்டன் கேட்கக் கேட்க, ஒரு பெண்ணைக் கண்டேன் என்ற அளவுக்கு இறங்கினார். பிறகு கப்டன் சமையற்காரர் ஒருவரை அழைத்தார். நடுத்தர வயது, கழுத்தில் மந்திரித்துக் கட்டிய நூல். புகை எழுந்தபோது யசோதினி தன்னோடு நின்று சோற்றுக் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்றார் அவர். ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேணல் கேட்டார்.

"யாரும் என்னைக் கேட்கவில்லை சேர். கேட்காமல் சொல்வதற்குப் பயமாக இருந்தது."

வெளியிலிருந்து வந்த சட்டத்தரணி ஒருவர் அந்தச் சமையற்கட்டுக்குள் போயிருக்க முடியுமா என்று அப்போது நினைத்தேன். ஆனால் நினைப்புக்கு நேரம் இருக்கவில்லை. யசோதினி சாட்சி சொல்ல எழுந்திருந்தாள்.

கப்டன் அதே கேள்வியைக் கேட்டார். உன் பாஷையில் எப்படிச் சொல்லியிருப்பாய். அவள் சொன்னாள். "ஸ்டோர்ஸப் பாத்தாலே பத்திக்கொண்டு வருது."

சார்ஜன்ட் வாயைத் திறந்து, மூடினார்.

அந்த வசனத்தில் எழுவாய் கிடையாது. எது பற்றுகிறது, யார் பற்றுகிறார் என்று தமிழில் சொல்லத் தேவையில்லை. சிங்களத்தில் எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு பக்கம் சாயும்போலிருந்தது. 'கோபம் வருகிறது' என்று சொன்னால் அவர் விளக்கம் சொல்கிறார் என்று வழக்குத் தொடுநர் எழும்புவார். 'பற்றி எரியும்' என்று சொன்னால் அவள் முடிந்தாள். என் நாக்கு நுனியில் சிங்களம் வந்து நின்றது. பின்வாங்கில் இருக்கிற கிழவன் எழுந்து சொன்னால் வழக்கே கெட்டுவிடும். தொடைக்குக் கீழே கைகளை வைத்து அழுத்திக்கொண்டேன். தங்கவடிவேல் என்னைப் பார்த்து, என் முகத்திலிருந்து எதையோ படித்து, அவரும் வெளிறிப்போனார்.

"களஞ்சியத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார். சொல்லுக்குச் சொல். எதையும் கூட்டவில்லை. 'பார்த்தாலே' என்பதை விடவும் இல்லை.

கேணல் நெற்றியைச் சுருக்கினார். "எது பற்றுகிறது?"

சார்ஜன்ட் தானாகப் பதில் சொல்லவில்லை. கேள்வியை யசோதினியிடம் திருப்பிக் கேட்டார்.

"நான் சேர்" என்றாள் அவள். சார்ஜன்ட் சிங்களத்தில், "நான் சேர்" என்றார்.

சட்ட ஆலோசனை அதிகாரி உரைபெயர்ப்பாளரிடமே நேரடியாகக் கேட்க அனுமதி கொடுத்தார். தமிழ் பேசுகிறவர்கள் இதை எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று கேட்டார்கள். "கோபம் வந்தால் சேர்" என்றார் சார்ஜன்ட். "என் உம்மாவும் சொல்வார். எங்கள் வீடு ஒருநாளும் எரிந்ததில்லை." மேசையில் யாரோ இருமினார்கள். கேணல் குனிந்து எழுதினார்.

முடிவுக்காக மறுநாள்வரை காத்திருந்தோம். காத்திருந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தங்கவடிவேல் சாப்பிடவில்லை, நானும் சாப்பிட்டதாக நினைவில்லை. இடையில் அவர் ஒரு தடவை, "கொழும்பாள வெச்சிரிந்தா இந்நேரம் வீட்ட வந்திருப்பாள்" என்றார். நான் மறுக்கவில்லை.

தீ வைத்த குற்றச்சாட்டில் குற்றவாளி அல்ல என்று சொன்னார்கள். மேலதிகாரியோடு மரியாதையில்லாமல் பேசியதில் குற்றவாளி, அதற்குக் கண்டனம். சார்ஜன்ட் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை தங்கவடிவேல் அசையவில்லை. சிங்களத்தில் வந்தபோதே நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அதை அவர் நம்பவில்லை. தன் பாஷையில் கேட்ட பிறகுதான் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். களஞ்சியம் ஏன் எரிந்தது என்பது அந்த வழக்கில் வெளிவரவில்லை. பிறகும் எனக்குத் தெரியவராத விஷயம் அது.

கொழும்புக்காரர் சொன்ன வழி பிழையான வழி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். சமையற்காரர் வாய் திறக்காமல் விட்டிருந்தால், சார்ஜன்ட் ஒரு சொல்லைத் தவறவிட்டிருந்தால், அதுதான் நல்ல வழியாக இருந்திருக்கும்.

சில மாதங்களுக்குப் பிறகு விடுமுறையில் வந்த யசோதினியைத் தங்கவடிவேல் என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவளை வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். வேலையை விடச் சொல்லித் தகப்பன் கேட்டும் அவள் விடவில்லை. சிங்களம் நன்றாகத் தேறியிருந்தது. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நெடுநாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டேன்.

"மகள், அண்டைக்கு அப்பா ஒராளச் சொல்ல நீங்க கப்டனத்தான் எண்டீங்க. உங்கட பாசையில எப்பிடிச் சொல்லுவீங்க எண்டு கேட்டதாலயா?"

"அந்தக் கேள்வி அப்ப எனக்குப் பெரிசாத் தெரியல, மாமா. வசனத்தப் பற்றி ஏதோ கேக்கார் எண்டுதான் நினைச்சன்."

"மறுகா?"

அவள் தகப்பனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "கொழும்பால வந்த ஐயாக்குப் பயமே இல்ல. சிரிச்சிக்கிட்டு இரிந்தார். கப்டன்ட கை மேசைக்குக் கீழ நடுங்கிக்கொண்டு இரிந்திச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிரிக்காது, நீங்க அவர்ட வாயத்தானே பாத்துக்கொண்டு இரிந்தீங்க. எனக்கு இரிந்த அதே பயம் அவருக்கும் இரிந்திச்சி மாமா. பயந்த ஆள்தான் ஒண்டையும் விடாமப் பாப்பார் எண்டு நினைச்சன்."

தங்கவடிவேல் கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் இதை அன்றுதான் கேட்கிறார் என்பது தெரிந்தது.